அடுப்படிக் கணக்கு: பைக்குள்ளே ஒரு பிடி சோறு



போன மாதம் ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா கைத்தொலைபேசியைப் பிடித்தபடி வேலியடிக்கு வந்தார். அவருடைய மகன் தென்கொரியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். 2004ஆம் ஆண்டு இலங்கைக்கும் தென்கொரியாவுக்கும் இடையில் தொழிலாளர் உடன்படிக்கை கைச்சாத்தான பிறகு, கொரிய மொழிப் பரீட்சை எழுதிப் போன எங்கள் பிள்ளைகளில் அவனும் ஒருவன்.

"தங்கச்சி, இதைப் பாருங்கோ. மத்தியானம் இதைத்தான் சாப்பிட்டவனாம். என்ன இது, சூசியமா?"

படத்தில் ஒரு காகிதப் பெட்டி. அதற்குள் எட்டுப் பைகள், பொன்னிறமாகப் பொரிந்தவை. ஒவ்வொன்றின் வாயிலும் சோறு எட்டிப் பார்த்தது. ஒன்றின் மேல் முட்டை, இன்னொன்றின் மேல் இறால். "சோத்தைப் பைக்குள்ள போட்டு விக்கினமாம். அதுக்கெண்டே ஒரு கடையாம். அந்தக் கடையில வேற ஒண்டும் இல்லையாம்" என்று சொல்லி அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு ஒன்றும் விற்காத கடை என்ற பேச்சு மனதில் தைத்துவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தப் பை மாவினால் செய்ததல்ல, சோயா அவரையினால் செய்தது. சோயா எங்களுக்குப் புதியதல்லவே. கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கிற திரிபோஷா, 1973இல் தொடங்கிய திட்டம், சோளமும் சோயாவும் சேர்ந்ததுதான். இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்களுக்குச் சோயா மீற் கறியைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை. சிலருக்கு இன்றைக்கும் அந்த மணம் பிடிக்காது. அதற்கும் காரணம் இருக்கிறது.

கொரியாக்காரர் செய்வது வேறு விதம். சோயாவை இரவில் ஊறவிட்டு, அரைத்து, காய்ச்சி, பிழிந்து பால் எடுக்கிறார்கள். அந்தப் பாலைத் திரையவைத்து, துணியில் கட்டிப் பாரம் ஏற்றினால் வெண்கட்டி போல ஒரு கட்டி வருகிறது. அதுதான் டோபு. அதை மெல்லிய துண்டுகளாக வெட்டி, தண்ணீரை நன்றாக அமத்தி எடுத்து, முதலில் சூடு குறைந்த எண்ணெயிலும் பிறகு நல்ல சூடான எண்ணெயிலுமாக இரண்டு தரம் பொரிக்கிறார்கள். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, பூரி பொங்குவதுபோலப் பொங்கி, நடுவில் வெற்றிடம் விழுகிறது. ஒரு பக்கம் வெட்டினால் பை தயார். கொதிநீரில் போட்டு எண்ணெயைக் கழற்றி, சோயா சோஸும் சீனியும் சேர்த்துக் கொதிக்கவிட்டுப் பிழிந்து, வினாகிரி, சீனி, உப்பு, எள்ளு கலந்த சோற்றை உள்ளே அடைக்கிறார்கள். பெயர் யூபு சோபாப். 'யூபு' என்பது பொரித்த டோபு, 'சோபாப்' என்பது புளிச்சோறு. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போகும்போது கட்டிக் கொடுக்கிற சாப்பாடு அது. எங்கள் கட்டுச்சோறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அது கொரியாவில் பிறந்ததுமல்ல. யப்பானியரின் இனாரி சூஷி, அவர்கள் 1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்ட காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது. அதே யப்பானியரின் விமானங்கள் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி எங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட கதையை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆள வந்தவர்கள் போய்விட்டார்கள், சாப்பாடு நின்றுவிட்டது. இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு உரிமை இல்லை. கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்தான் நாங்கள் காலையில் கடையில் கேட்கிற 'பாண்'.

இந்தப் பைக்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. அதை அறிந்துகொள்ள, பூசான் என்ற துறைமுக நகரத்துக்குப் போகவேண்டும். பெயர்களை மாற்றிப் போட்டால் எங்கள் கதைதானோ என்று தோன்றுகிற ஊர் அது.

1950 யூன் மாதம் கொரிய யுத்தம் தொடங்கியது. சில வாரங்களுக்குள் நாட்டின் பெரும்பகுதி கைமாறிவிட, தெற்கு மூலையில் இருந்த பூசான் விழவில்லை. அதுவே தற்காலிகத் தலைநகரமானது. சனங்கள் இலட்சக்கணக்கில் அங்கே ஓடி வந்தார்கள். அந்த ஆண்டு மார்கழியில் வடக்கே ஹங்னம் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஒரு இலட்சம் பொதுமக்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். 'மெரடித் விக்டரி' என்ற ஒரேயொரு சரக்குக் கப்பலில் மட்டும் சுமார் 14,000 பேர். அந்தப் பயணத்தில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. 2009 மாசியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் புதுமாத்தளனிலிருந்து கப்பலில் வந்த காயப்பட்டவர்கள் எங்கள் துறைமுகத்தில் இறக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு, இதை விளங்கிக்கொள்ள நான் அதிகம் எழுதத் தேவையில்லை.

பூசானில் வந்து இறங்கியவர்களில் புருசனை இழந்தவர்கள், புருசன் எங்கே என்று தெரியாதவர்கள் நிறையப்பேர். அங்கே யோங்டோ என்றொரு பாலம், 1934இல் திறந்தது. ஓடும்போது "பிரிந்துபோனால் யோங்டோ பாலத்தடியில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டுப் பிரிந்த குடும்பங்கள் பல. நாட்கணக்காக அந்தப் பாலத்தில் நின்றவர்கள், பெயரெழுதி மாட்டிவைத்தவர்கள், பாலத்தடியில் சாத்திரம் கேட்டவர்கள் இருந்தார்கள். யுத்தம் ஓய்ந்து 30 வருடங்களுக்குப் பிறகு, 1983இல், கொரியத் தொலைக்காட்சி 138 நாட்கள் அந்தக் குடும்பங்களுக்காகவே நிகழ்ச்சி நடத்தியது. பத்தாயிரத்துச் சொச்சக் குடும்பங்கள் தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்தன. விண்ணப்பித்தவர்களோ ஒரு இலட்சத்துக்கு மேல். 2017இலிருந்து படங்களைக் கையில் ஏந்தித் தெருவில் இருந்த எங்கள் அம்மாமாரை நினைத்துக்கொண்டுதான் இந்த இலக்கங்களை எழுதுகிறேன்.

காத்திருக்கிறவளுக்கும் வயிறு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். பூசான் பெண்கள் சந்தைக்கு வந்தார்கள். யகல்சி மீன் சந்தையில் இன்றைக்கும் பெண்கள்தான் பெரும்பான்மை வியாபாரிகள். யுத்த காலத்து விதவைகள் மீன்கூடையோடு வந்து குந்திய இடம் அது. கிட்டவே இருக்கிற புப்யோங் சந்தைக்கு 'கங்டோங் சந்தை' என்று ஒரு பட்டப்பெயர். கங்டோங் என்றால் தகரப்பேணி. அமெரிக்க இராணுவ முகாம்களிலிருந்து வெளியே வந்த பேணிச் சாமான்கள் அங்கே விலைப்பட்டதால் வந்த பெயர். நிவாரணமாக வந்த கோதுமை மாவில் வடக்கத்தைய அகதிகள் தங்கள் ஊர்க் குளிர் நூடில்ஸைச் செய்து பார்த்தார்கள். ஊரில் போடுகிற தானியம் கிடைக்கவில்லை, கிடைத்த மாவில் செய்தார்கள். அது இன்றைக்குப் பூசானின் பெயர்போன சாப்பாடு. எங்கள் ஆச்சிமார் கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்று சொன்னது நினைவிருக்கிறதா? உலகத்தின் இரண்டு மூலைகளில் ஒரே சாக்கு மா.

அந்தப் புப்யோங் சந்தையில்தான் நான் சொன்ன மற்றப் பை விற்கிறது. அதற்குள் சோறு இல்லை. மெல்லிய கண்ணாடி நூடில்ஸும் மரக்கறியும் அடைத்து, ஒரு கீரைத் தண்டால் வாயைக் கட்டி, மீன் அடை போட்ட சூடான ரசத்தில் மிதக்கவிட்டுக் கொடுக்கிறார்கள். பணமுடிச்சு மாதிரி இருக்கும். அந்தச் சந்தையில் இதற்குப் பெயர்போன கடையின் பெயர்ப்பலகையில் 'ஹல்மே' என்ற சொல் இருக்கிறது. பூசான் பேச்சில் அப்படியென்றால் பாட்டி. கொரியாவில் ஒரு பாட்டியின் கைப்பக்குவம் என்று சொன்னால் சனம் நம்பி வருகிறது.

எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணம் திருநெல்வேலி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் போனவர்கள் 'அம்மாச்சி' உணவகத்தில் சாப்பிட்டிருப்பீர்கள். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்களே நடத்துவது. கண்ணாடிக்கு அங்கால் நின்று அவர்கள் இடியப்பம் பிழிவதையும் தோசை சுடுவதையும் நாங்கள் பார்த்துக்கொண்டே வாங்கலாம். இதிலும் பெயர் பாட்டியின் பெயர்தான். அங்கே நான் கவனித்த ஒரு விசயம்: ஒருத்தி தோசைக்கல்லை விட்டு நகரவே இல்லை. வடைக்காரி வடையை விட்டு நகரவில்லை.

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முதல் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து, துறைமுகப் பக்கமாக வேலைக்குப் போய்வருகிற ஆட்களையும் கோணேசர் கோயிலுக்கு வருகிற யாத்திரிகர்களையும் நம்பி ஒரு சிறு கடை போட்டோம். ஐந்து மாதத்தில் மூடினோம். ருசி சரியில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை, சூசியம், மோதகம், மரக்கறி றொட்டி, இவை எல்லாம் எங்களிடம் இருந்தன. ஏழு சாமான் என்றால் ஏழு விதமான உள்ளீடு. ஏழிலும் பின்னேரம் கொஞ்சம் மிச்சம். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். "நட்டமில்லை, பிள்ளைகள் சாப்பிட்டதுகள்தானே" என்று ஒருத்திக்கொருத்தி ஆறுதல் சொன்னோம். அது நட்டம்தான் என்று விளங்க ஐந்து மாதம் பிடித்தது. மேசையில் சாமான் குறைந்தால் சனம் வராது என்று பயந்தோம். அதனால்தான் அக்கா சொன்ன அந்த ஒரு சாமான் கடை எனக்குத் தைத்தது.

சரி, செய்துதான் பார்ப்போமே என்று அரைக்கிலோ சோயா வாங்கி ஊறவிட்டேன். சோயாவை ஒருபோதும் பச்சையாகப் பாவிக்கக்கூடாது. நன்றாகக் கொதித்தால்தான் அது சமிக்கும், தீமை செய்யாது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தேசிக்காய்ப் புளி விட்டுத் திரையவைத்தேன். முதல் கட்டி எண்ணெயில் போட்டதும் உடைந்துபோனது, பாரம் போதவில்லை. அடுத்த நாள் அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்தேன். இந்தத் தரம் பன்னிரண்டு துண்டில் நாலு பொங்கின. மற்றதுகளைக் கத்தி நுனியால் கீறி வாய் திறக்கவேண்டியிருந்தது. சிவப்பரிசிச் சோற்றுக்குத் தேசிக்காய்ப் புளியும் வறுத்த எள்ளும் சேர்த்து, கொஞ்சம் சுறா வறையும் கலந்து அடைத்து, வெங்காயத்தாளால் கட்டினேன். அக்கா ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு யோசித்தார். "வறை நல்லாயிருக்கு தங்கச்சி. பைதான் ஏனெண்டு விளங்கேல்லை."

பிழிந்த சக்கையை வீசவேண்டாம். கடலைப்பருப்போடு சேர்த்து வடை தட்டினேன். பிள்ளைகள் பையை விட்டுவிட்டு அதைத்தான் சாப்பிட்டார்கள்.

பிறகு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். சோயா, எண்ணெய், காஸ், அரிசி, மீன். கடைசியில், எங்கள் கடைக் காலத்தில் ஒருநாளும் எழுதாத ஒரு வரியை எழுதினேன்: என் கூலி. இரண்டு நாளில் ஆறு மணித்தியாலம், பன்னிரண்டு பை. அந்தக் கூலியைப் பன்னிரண்டால் பிரித்தால் வருகிற விலைக்குத் திருகோணமலையில் யாரும் ஒரு பை வாங்கமாட்டார்கள். அப்படியென்றால் கொரியாவில் எப்படிக் கட்டுபடியாகிறது?

இந்தக் கேள்வியை அக்கா மகனிடம் கேட்டுவைத்தார். குரல் செய்தி வந்தது. "அம்மா, அக்காட்டச் சொல்லுங்கோ, பையை இஞ்சை ஆரும் வீட்டில செய்யிறேல்லை. பெட்டியில அடைச்சுக் கடையில விக்குது. வாங்கிச் சோத்தை மட்டும் வைக்கிறதுதான்."

நான் இரண்டு நாள் அம்மிக்குழவி தூக்கியதற்கு இதுதான் பதில். ஆனால் நல்ல பதில். பை செய்கிறவர் வேறு, அடைக்கிறவர் வேறு. கடைக்காரியின் நேரம் சோற்றுக்கும் உள்ளீட்டுக்கும் மட்டும் போகிறது. பை முன்கூட்டியே தயாராக இருக்கிறபடியால், ஆள் வர வர அடைத்துக் கொடுக்கலாம். ஆள் வராவிட்டால் அடைக்காத பை குளிரூட்டியில் இருக்கும். ஒரே பை, உள்ளே மட்டும் இறால், முட்டை, மரக்கறி என்று மாறும். வாடிக்கையாளருக்குப் பத்துச் சாமான் மாதிரித் தெரிகிறது, கடைக்காரிக்கு ஒரு சாமான்தான்.

எங்கள் ரோல்ஸை எடுத்துப் பாருங்கள். தோல் சுடுவதிலேயே பாதி விடிகாலை போய்விடும். ஐந்து பேரும் ஐந்து வீட்டில், ஐந்து அடுப்பில், அதே தோலைச் சுட்டோம். ஒருத்தி தோல் மட்டும் சுட்டு மற்ற நாலு பேருக்கும் விற்றிருந்தால்? அவளுக்கு அதுவே ஒரு தொழில், காலையில் தெருவுக்கு வரமுடியாத ஒருத்திக்கு இன்னும் வசதி. காலில் காயப்பட்டு அதிகநேரம் நிற்கமுடியாத ஒரு தங்கை எங்கள் குழுவில் இருந்தா. அவவுக்குக் கதிரையில் இருந்து தோல் சுடுவது இலேசு. இதை அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

கூலிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, சாமான் செலவு கழித்து ஒருநாள் 1,500 ரூபா கையில் மிஞ்சுகிறது என்று வைப்போம். "இலாபம் 1,500" என்று சொல்லுவோம். ஆனால் விடிய மூன்றரைக்கு எழும்பிப் பத்தரை வரை, ஏழு மணித்தியாலம் நிற்கிறீர்கள். மணித்தியாலத்துக்கு 200 ரூபா என்று உங்கள் கூலியைப் போட்டால் 1,400. இலாபம் 100 ரூபாதான். அந்த 1,500ஐ நம்பிக் கடன் எடுத்தால் என்ன நடக்கும்? கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற கடன்காரருக்கு உங்கள் கூலியை அல்லவா எடுத்துக் கொடுக்கிறீர்கள்? 2018இல் அரசாங்கம், வடக்கு கிழக்கு உட்பட வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்கவேண்டி வந்தது. அந்த அளவுக்குப் பெண்கள் முறிந்துபோயிருந்தார்கள். கடன் எடுக்கவேண்டாம் என்று சொல்ல நான் ஆளில்லை, எடுத்தவள்தான் நானும். அடுப்பு வாங்க எடுக்கலாம். ஏழாவது சாமான் செய்ய எடுக்காதேங்கோ.

கொரியப் பைக் கடையை இங்கே போடச் சொல்லி இதை எழுதவில்லை. எங்கள் வெக்கையில் சோறு அடைத்த சாமானை நாலு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்து விற்கவும் கூடாது. வினாகிரி போட்டாலும் அப்படித்தான். டோபுவும் குளிரூட்டி இல்லாமல் தாக்குப்பிடிக்காது. 2022இல் காஸும் மின்சாரமும் இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால், குளிரூட்டியை நம்பிய தொழிலுக்கு நான் இலேசில் கால் வைக்கமாட்டேன். கொரிய நாடகம் பார்க்கிற பிள்ளைகள் ஆசையில் ஒருநாள் வாங்குவார்கள். மற்ற நாட்களில் அவர்களுக்கும் ரோல்ஸ்தான் வேணும்.

போன சனிக்கிழமை பழைய ஐந்து பேரில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். கதிரையில் இருந்து தோல் சுட்டது அந்தத் தங்கைதான். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை வருகிறது என்று நான் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேன். நாற்பத்தியிரண்டு. ஒரு தோலுக்கு என்ன விலை கேட்கலாம் என்று அவவிடமே கேட்டோம். வெட்கப்பட்டு, மாவுக் காசை மட்டும் சொன்னா. கொப்பியை அவவின் கையில் கொடுத்து, 'என் கூலி' என்ற வரியை அவவையே எழுதச் சொன்னோம். எழுதி, வெட்டி, திரும்பவும் எழுதினா. இரண்டாந்தரம் எழுதின தொகை கொஞ்சம் கூட. அந்த விலைக்கு நாங்கள் மூன்று பேரும் வரும் திங்களுக்கு ஆளுக்கு முப்பது தோல் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். உள்ளீடு இந்த முறை ஒன்றே ஒன்று, மீன்.